பொய் ஈ

போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு, "நான் டிரவுட் மீன் பிடிக்கிறவன்" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாததில் நியாயமும் இருக்கிறது. எங்களுக்குக் கொட்டகுடி ஆறு இருக்கிறது, கண்மாய்கள் இருக்கின்றன, கெண்டையும் கெளுத்தியும் விராலும் இருக்கின்றன. முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கையை மிதக்கவிட்டு, கரையில் குந்திக்கொண்டால் போதும். மற்றதை மீனே பார்த்துக்கொள்ளும். டிரவுட்டோ குளிர்ந்த ஓடைநீரின் பிராணி. தண்ணீரின் சூடு இருபது டிகிரியைத் தாண்டினாலே அதற்கு இருப்புக்கொள்ளாது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கொண்டுவந்து விட்டால், சட்டியில் ஏற்றாமலே குழம்பாகிவிடும்.

ஆனால் போடியில் எந்தத் தெருமுனையில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். விடியற்காலை பஸ் ஏறினால், பதினேழு கொண்டைஊசி வளைவு சுற்றிப் போடிமெட்டில் குளிர் முகத்தில் அறையும். அப்புறம் ஏலத்தோட்டங்கள், பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். கீழே வேட்டியை மடித்துக் கட்டியவன் மேலே போய்ச் சால்வையைப் போர்த்திக்கொள்கிறான். அந்த உயரத்து ஓடைகளில்தான் டிரவுட் இருக்கிறது.

அது நம் நாட்டு மீன் அல்ல. சீமையிலிருந்து வந்த வெள்ளைக்காரனுக்கு மலையும் குளிரும் கிடைத்துவிட்டன; ஓடையில் ஊர் மீன் இல்லாததுதான் குறை. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் நீலகிரியில் அதைக் குடியேற்றப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு எச். சி. வில்சன் என்பவர் முயன்று, 1907இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. அதற்கு முன்பே இலங்கையின் நுவரெலியாவில் தோட்டக்காரர்கள் 1880களில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மூணாற்றுத் தேயிலைத் துரைமார் சும்மா இருப்பார்களா? ஹைரேஞ்ச் ஆங்ளிங் அசோஸியேஷன் என்று ஒரு சங்கமே வைத்து, ஓடைகளிலும் ஏரிகளிலும் மீனை வளர்த்தார்கள். துரைமார் போய்விட்டார்கள். வானவில் பட்டை போட்ட அந்த மீன் மட்டும் போகவில்லை.

இந்த மீனைப் புழு வைத்துப் பிடிப்பது அந்தக் கூட்டத்தில் கௌரவக் குறைவு. பூச்சியைப் போல ஒரு பொம்மை செய்து, அதைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு, நிஜப் பூச்சி என்று மீனை நம்பவைக்க வேண்டும். எங்கள் ரைட்டரய்யா அதற்குப் 'பொய் ஈ' என்று பெயர் வைத்திருந்தார்.

ரைட்டரய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைத்தோட்டங்களில் கணக்கு எழுதுகிறவருக்கு ரைட்டர் என்று பெயர். என்னை அறிமுகம் செய்துவைத்த நண்பர், "இவரும் ரைட்டர்தான்" என்றார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "எந்தத் தோட்டம்?" என்றார். கதை எழுதுகிறேன் என்றதும், "அப்ப பேரேடு டாலி ஆகணும்ங்கிற கவலை இல்லை" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

பதினெட்டு வயதில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் சேர்ந்தவர். விரல் நறுவிசாக இருப்பதைப் பார்த்து அங்கிருந்த துரை ஒருவர் ஈ கட்டக் கற்றுக் கொடுத்திருக்கிறார். பின்னால் ஏலத்தோட்டத்துக்கு வந்து, அங்கேயே ஓய்வுபெற்று, போடியில் மகள் வீட்டுத் திண்ணைக்கு இறங்கிவிட்டார். கையில் ஒரு தகரப் புகையிலை டப்பா. அதில் அட்டையால் தடுத்த ஆறு அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு பருவம்.

முதல்முறை அவரோடு ஓடைக்குப் போனபோது நானும் ஒரு டப்பா வைத்திருந்தேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து, அதில் கண்டபடி தபாலில் வரவழைத்த ஈக்கள். இந்தச் சாஸ்திரத்துக்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆசாரியர் உண்டு. ஹால்ஃபோர்டு என்று பெயர். டெஸ்ட், இட்சென் என்ற ஆறுகளின் கரையில் உட்கார்ந்து, எந்த மாதம் எந்தப் பூச்சி தண்ணீரிலிருந்து கிளம்புகிறது என்று குறித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் பொம்மை கட்டி, 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி நூலே எழுதினார். அவர் வழியில் வந்த புத்தகம்தான் என்னுடையதும். ஏப்ரலுக்கு இது, மே மாதத்துக்கு இது, ஜூன் மாலைக்கு இது என்று பஞ்சாங்கம் மாதிரி அட்டவணை.

அன்று மே மாதம். நான் புத்தகத்தைப் புரட்டி மே மாதத்து ஈயைக் கட்டினேன். ரைட்டரய்யா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் வீசினேன். மீன்கள் என் ஈயின் இருபுறமும் வாயைத் திறந்து எதையோ தின்றுகொண்டிருந்தன. என் ஈயை ஒன்றுகூடச் சட்டை செய்யவில்லை.

"தம்பி, அந்தப் பொஸ்தகம் எந்த ஊர்ல எழுதினது?"

"இங்கிலாந்துல, ஐயா."

"மீன் வெளிநாட்டுலேருந்துதான் வந்துச்சு. ஆனா பூச்சி இந்த ஊருதானே?"

எனக்கு உறைத்தது. குளிர் நாட்டில் பனி உருகி வெயில் வரும்போது பூச்சிகள் நாள் பார்த்ததுபோல் ஒரேயடியாகக் கிளம்பும். அதனால்தான் அங்கே அட்டவணை செல்லும். நம் மலையில் நீர் உறைவதில்லை. பூச்சிகள் வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கின்றன. இங்கே பருவத்தை நிர்ணயிப்பது சூரியன் அல்ல, மழை. அதிலும் இந்த மலை இரண்டு மழையைப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. ஆனி ஆடியில் அந்தப் பக்கம் பேய்மழை. அதே நாளில் போடியில் காற்று மட்டும் மண்ணை வாரி இறைக்கும். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். போடிச் சுவரில் தொங்கும் காலண்டர் போடிமெட்டிலேயே பொய்த்துவிடும். சீமைக் காலண்டர் எப்படிப் பலிக்கும்?

அன்று சாயங்காலம் கோடை மழை ஒன்று பெய்து விட்டது. புற்றிலிருந்து ஈசல் புறப்பட்டது. ரைட்டரய்யா டப்பாவிலிருந்து பழுப்பு நிறத்தில், இறகு பின்னால் படிந்த ஒரு ஈயை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது வீச்சில் என் முதல் டிரவுட் வந்தது.

ஈ கட்டுவது எப்படி என்று வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிசி மணி அளவு சிறிய முள். அதன்மேல் நூலைச் சுற்றி, கொஞ்சம் உரோமத்தை முறுக்கி உடம்பு செய்ய வேண்டும். வாலுக்கு நாலைந்து இழை. கடைசியில் சேவல் கழுத்து மயிர் ஒன்றை முள்ளைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால், இழைகள் சக்கரத்தின் ஆரக்கால்போல் நாலு பக்கமும் விறைத்து நிற்கும். அந்த நுனிகள்தான் நீரின் தோலில் கால் ஊன்றி ஈயை மிதக்கவைக்கின்றன. கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு உடம்பு சரியாகத் தெரியாது. நீர்ப்பரப்பில் அந்த நுனிகள் அழுத்திய சின்னஞ்சிறு குழிகளும், வானத்தின் எதிரே ஒரு நிழலுமே தெரியும். அதைத்தான் அது பூச்சி என்று நம்புகிறது.

பெட்டைக் கோழியின் மயிர் உதவாது. மெத்தென்று நீரைக் குடித்து மூழ்கிவிடும். இளஞ்சேவலும் உதவாது. ஒரு வயதாவது தாண்டிய, நாலு இடத்தில் சண்டை போட்ட, கழுத்து மயிர் மினுமினுக்கும் சேவலாக இருக்க வேண்டும். இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்ற எழுத்தாளர், மாசிடோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றிச் சேவல் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். போன நூற்றாண்டில் சீமையில் ஈ கட்டியவர்கள் பலர் இந்தியாவிலிருந்து போன நாட்டுச் சேவல் கழுத்தையே நம்பியிருந்தார்கள். எங்கள் மலைச்சரிவில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகோ, ஸ்காட்லாந்தில் சால்மன் மீனுக்குக் கட்டும் ஆடம்பர ஈக்களில் கண் வைத்ததுபோல் பதிக்கப்பட்டது. அந்த இறகில் மெழுகுத்துளி சொட்டியதுபோல் பொன்னிறப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளியே அதற்கு எமனாயிற்று. இப்போது 1972இன் வனவிலங்குச் சட்டம் அதைக் காக்கிறது. ரைட்டரய்யா காட்டுக்கோழி இறகைத் தொடமாட்டார். "அது கூவுறதக் கேட்டா போதும்" என்பார்.

ஆகவே எங்கள் கொள்முதல் எல்லாம் கோழிக்கடையில்தான். கடைக்காரர் என்னைக் கண்டதும், "கறிக்கா சார், கழுத்துக்கா?" என்று கேட்பார்.

இனி, அந்த ஆறு அறைகள். மாசியிலும் பங்குனியிலும் மேட்டுப் புல்வெளி காய்ந்து பொன்னிறமாகும். காற்றில் வெட்டுக்கிளி தவறி ஓடையில் விழும். முதல் அறையில் இருப்பது அந்த வெட்டுக்கிளிதான். பத்தாம் நம்பர் முள். (இந்தக் கணக்கில் நம்பர் கூடக்கூட முள் சிறிதாகும்.) கரையோரமாகப் 'பொத்' என்று சத்தம் கேட்கும்படி போட வேண்டும்; வெட்டுக்கிளி மெதுவாக விழாது. இரண்டாவது, சித்திரை வைகாசிக்கு உரிய ஈசல். மூன்றாவது அறை ஆனி, ஆடிக்கு; அது எப்போதும் காலி. அந்த மாதங்களில் ஓடை செம்மண் குழம்பாகப் பாயும்; மிதக்கும் ஈயைப் பார்க்க மீனுக்குக் கண்ணும் தெரியாது, மிதக்கவிட நமக்கு இடமும் இராது. "சும்மா இருக்கிறதும் ஒரு ஈதான், தம்பி" என்பார்.

ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் தெளிந்து தேயிலைச் சாற்றின் நிறத்துக்கு வரும். அப்போதுதான் அழகான பூச்சி எழும். மாதக்கணக்காகக் கல்லுக்கடியில் புழுவாக இருந்தது, மேலே வந்து தோலைக் கழற்றிவிட்டு, சாம்பல் நிறச் சிறகை நிமிர்த்திப் பாய்மரத் தோணி மாதிரி மிதந்து வரும். பறந்துபோய் மறுபடியும் ஒருமுறை தோலுரித்து, கண்ணாடிச் சிறகோடு இணைதேடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் செத்துப்போகும். அந்த ஒரு நாளில் சாப்பிட அதற்கு வாய்கூட இல்லை. சாம்பல் சேவல் மயிர், பதினாலு, பதினாறாம் நம்பர் முள்: அது நாலாவது அறை. ஐந்தாவது, ஐப்பசி கார்த்திகைக்கு. மழை பிற்பகலில் பிடித்துக்கொள்ளுமாகையால் காலை வேளைக்கு மட்டும் உரிய செவலை நிற ஈக்கள். ஆறாவது, மார்கழி தை. புல்லில் உறைபனி வெள்ளைத் துணி விரித்திருக்கும். நடுப்பகலில் கொசு அளவு கருப்புப் பூச்சி கொஞ்சம் ஆடும். பதினெட்டாம் நம்பர் முள். அந்த அறையை அவர் அதிகம் திறந்ததில்லை. குளிர்காலத்தை ஒட்டி டிரவுட் முட்டையிடும். "பிரசவ வீட்டுக்குள்ள போய்த் தூண்டில் போடலாமா?"

இத்தனையும் கற்றுக்கொண்டு, நானும் பெரிய நிபுணனாகிவிட்டதாக நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு உடைந்தது ஒரு புரட்டாசி மாதத்தில். அதற்குள் ரைட்டரய்யாவுக்குக் கண்ணில் நீரழுத்தம் முற்றிவிட்டது. போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டுமருந்து விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். "ஒருதடவை கூட்டிட்டுப் போங்க தம்பி, தண்ணிச் சத்தம் கேக்கணும்" என்றார். மகள் சம்மதிக்கவில்லை. "அப்பாவை வழுக்குப் பாறையில விட்டுட்டு நீங்க மீனைப் பார்த்துக்கிட்டு இருப்பீங்க, அண்ணே" என்றாள். கையைப் பிடித்த பிடியை விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அழைத்துப் போனேன்.

அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. ஒரு பாறைமேல் அவரை உட்காரவைத்தேன். ஓடையின் வளைவில் மீன்கள் எழும்பி வட்டம் வட்டமாக அலை போட்டுக்கொண்டிருந்தன.

"எழும்புது, கேக்குது. என்ன மிதக்குது, தம்பி?"

நான் பார்த்தேன். சாம்பல் சிறகுத் தோணிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. "கோயில் தெப்பம் மாதிரி வருது ஐயா. ஒவ்வொண்ணும் பாயை விரிச்சுக்கிட்டு, வெயில்ல பளபளன்னு, தேவலோகத்துத் தோணி மாதிரி..."

"வால் ரெண்டா, மூணா?"

எனக்குத் தெரியவில்லை.

"மீன் அதைத்தான் திங்குதா?"

அதுவும் தெரியவில்லை. தின்னாமல் என்ன செய்யும் என்று நினைத்துச் சாம்பல் ஈயைக் கட்டி வீசினேன். அரைமணி நேரம் வீசினேன். கயிறு நீரோட்டத்தில் இழுபட்டு ஈ சறுக்கினால் மீன் சந்தேகப்படும். அதற்காக மேல்நோக்கி வீசி, கயிற்றைத் தளர்த்தி, சொல்லிக்கொடுத்ததை எல்லாம் செய்தேன். மீன்கள் எழும்பிக்கொண்டேதான் இருந்தன. என் ஈ மட்டும் தீண்டத்தகாததாக மிதந்து வந்தது.

"துண்டை எடுங்க" என்றார்.

அவர் தோளிலிருந்த துண்டை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஓடையின் குறுக்கே நீரில் பாதி மூழ்கும்படி நிறுத்தினோம். வலது கையால் துண்டு. இடது கையால் அவர் கை. கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தேன். துண்டின்மேல் சாம்பல் தோணி இரண்டே இரண்டு. மற்றபடி கருப்பாக, கடுகு கடுகாக, சிறகு ஒட்டிப்போன எறும்புகள், இருபது முப்பது. எங்கேயோ மேலே மரத்திலிருந்து கொட்டியிருக்க வேண்டும். நீரோடு நீராகப் படிந்து வந்ததால் கரையிலிருந்த என் கண்ணுக்குப் படவில்லை. அழகான பூச்சி என் கண்ணை மறைத்துவிட்டது. மீன் அழகைத் தின்னவில்லை.

"எறும்பு, ஐயா" என்றேன்.

அவர் டப்பாவைத் திறந்து, ஆறாவது அறையின் ஓரத்தில் விரலால் தடவி, நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு கருப்பு ஈயை எடுத்துக் கொடுத்தார். பார்வை போவதற்கு முன் கட்டியது. இரண்டாவது வீச்சில் மீன் வந்தது. வலையில் கிடந்ததை அவர் கையை நீரில் நனைத்துக்கொண்டு தொட்டார். தலையிலிருந்து வால்வரை ஒருமுறை தடவினார். "முக்கால் கிலோ இருக்கும்" என்றவர், முள்ளைத் தானே கழற்றி, அதை நீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருந்து, அது உதறியபோது விட்டுவிட்டார்.

பிறகு வெகுநேரம் பேசவில்லை. தூக்குவாளியில் மகள் கொடுத்தனுப்பிய புளிச்சாதத்தைச் சாப்பிட்டு முடித்ததும்தான் சொன்னார்.

"உங்க தொடர்கதையை வாராவாரம் மகள் படிச்சுக் காட்டுச்சு."

ஏலமலையை வைத்து நான் எழுதிய கதை அது. நாலு பேர் புகழ்ந்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

"அதுல ஒரு இடம். அந்தப் பொண்ணு நிமிந்து பாக்குது. தலைக்கு மேல ஏலம் பூத்திருக்குன்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா."

"ஏலம் அடியிலதானே தம்பி பூக்கும்? மண்ணோட ஒட்டிச் சரம் விடும். பூவைப் பாக்கணும்னா நிமிரக் கூடாது, குனியணும். அந்தத் தோட்டத்துல முப்பது வருஷம் பொம்பளைங்க குனிஞ்சே காய் எடுத்ததை நான் பேரேட்டுல எழுதியிருக்கேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. ஏலத்தை ஏலம் போடும் ஊரில் பிறந்தவன் நான். ஏலச்செடியை ஆயிரம் முறை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அதன் இலைகளைப் பார்த்து, பூவும் அங்கேதான் இருக்கும் என்று தீர்மானித்துவிட்டேன். அழகாக இருக்கும் என்பதற்காக ஒரு பெண்ணை நிமிர வைத்தேன். அவள் குனிந்திருந்தால் அவள் முதுகுவலி கதைக்குள் வந்திருக்கும், கூலி வந்திருக்கும், கதையே வேறாகியிருக்கும்.

"நான் பண்றதும் பொய்தான்" என்றார் ரைட்டரய்யா. "சேவல் மயிரைப் பூச்சின்னு சொல்றேன். ஆனா நெஜப் பூச்சியைப் பாக்காம ஒண்ணுகூடக் கட்டினதில்ல."

அந்தக் கதை புத்தகமாக வந்தபோது அந்த இடத்தைத் திருத்தினேன். ஒரு வரியைத் திருத்தப் போய், இரண்டு அத்தியாயங்களைத் திரும்ப எழுத வேண்டி வந்தது. விமரிசகர்கள் யாரும் வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மகள் படித்துக் காட்டியபோது அவர், "ம்" என்றாராம்.

ரைட்டரய்யா இப்போது மலைக்கு வருவதில்லை. டப்பா என்னிடம் இருக்கிறது. ஓடைக்குப் போய்விட்டு வந்தால் அவர் திண்ணையில் போய் உட்கார்ந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். எத்தனை மீன் என்று அவர் கேட்பதில்லை. "என்ன மிதந்துச்சு?" என்றுதான் கேட்பார். வால் எத்தனை, சிறகு நிமிர்ந்ததா படிந்ததா, வெயிலா மோடமா என்று ஒவ்வொன்றாக வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். ஜோடித்துச் சொன்னால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

மேலே மழை இறங்கிவிட்டதாக நேற்று பஸ் டிரைவர் சொன்னார். ஈசல் புறப்படும் நாள். இரண்டாவது அறையைத் திறந்து பார்த்தேன். இரண்டே ஈக்கள் இருக்கின்றன, அதிலும் ஒன்று மீன் கடித்துக் குலைந்தது. காலையில் கோழிக்கடைக்குப் போக வேண்டும்.